நம்பரை விடுங்கள், தேதியைக் கேளுங்கள்

வாசகியர் கேள்வி – பதில்

சென்ற இதழில் நேரடி விற்பனை செய்யும் பெண்களைப் பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன: ஸ்டால் போடுகிறோம், கூட்டம் வருகிறது, நின்று பேசுகிறார்கள், நம்பரும் தருகிறார்கள், அப்புறம் ஒன்றும் நடப்பதில்லை. நானும் சென்னையில் பல வருடம் இதே வேலையைச் செய்தவள் என்பதால் இந்த முறை பக்கம் முழுக்க ஸ்டால் விஷயத்துக்கே. இந்தத் தொழிலில் இல்லாதவர்களுக்காக ஒரு வரி சொல்லிவிடுகிறேன். 'புக்கிங்' என்று நாங்கள் சொல்வது பொருளுக்கு ஆர்டர் எடுப்பதை அல்ல. ஒருவர் தன் வீட்டில் அக்கம்பக்கத்தாரைக் கூட்டி, நாம் போய் டெமோ காட்டுவதற்கு ஒரு நாள் குறித்துத் தருவதுதான் புக்கிங். அப்படி நாள் தரக்கூடியவரின் பேரும் நம்பரும் 'லீட்'.

சமையலறை டப்பாக்கள், பாத்திரங்கள் விற்கிறேன். தீபாவளிக்கு முன்னால் ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பில் இரண்டு நாள் ஸ்டால் போட்டேன். வாடகை 3,500 ரூபாய். குலுக்கல் பெட்டி வைத்ததில் 140 சீட்டு விழுந்தது. எல்லோருக்கும் போன் செய்தேன். பாதிப் பேர் எடுக்கவில்லை, எடுத்தவர்கள் 'எந்த ஸ்டால்?' என்கிறார்கள். ஒரு டெமோகூடப் புக் ஆகவில்லை. ஜனவரியில் மறுபடி போடலாமா, விட்டுவிடலாமா? – வாசகி, ஆதம்பாக்கம்

கண்டிப்பாகப் போடுங்கள். குலுக்கல் பெட்டியை மட்டும் வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள்.

அந்த 140 பேரும் உங்கள் டப்பாவைப் பார்க்க வந்தவர்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அவர்கள் பரிசுக்கு வந்தவர்கள் அம்மா. ஒரு ஸ்டாலில் பெட்டி இருந்தால் வரிசையில் எல்லா ஸ்டாலிலும் பெட்டி இருக்கும், ஒரே ஆள் எட்டுப் பெட்டியில் பேரை எழுதிப் போட்டுவிட்டு பானிபூரி சாப்பிடப் போய்விடுவார், பிள்ளைகள் அம்மாவின் நம்பரை எழுதி நாலு தடவை போட்டுவிட்டு ஓடும். மூன்று நாள் கழித்து நீங்கள் கூப்பிட்டால் 'எந்த ஸ்டால்?' என்று கேட்காமல் வேறு என்ன கேட்பார்கள்? ஆரம்பத்தில் நானும் வேளச்சேரியில் ஒரு பள்ளி விழாவிலிருந்து பெட்டி நிறையச் சீட்டோடு வந்து ராத்திரி உட்கார்ந்து எண்ணியிருக்கிறேன். அடுத்த பத்து நாளும் போனிலேயே போனது. ஒருவர், "என் நம்பரை யாருங்க உங்ககிட்ட கொடுத்தது?" என்று கோபமாகக் கேட்டார், எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் மேல் தப்பில்லை. அவர் பையன் எழுதிப் போட்டிருக்கிறான்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். விற்பனையைக் கூட்டுவதற்காகக் குலுக்கல், அதிர்ஷ்டப் போட்டி நடத்துவதை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிக நடைமுறைகளின் பட்டியலில் வைத்திருக்கிறது. பரிசுத் திட்டம் என்று அறிவித்துவிட்டு முடிவைச் சொல்லாமல் விடுவதும் அதே பட்டியலில் இருக்கிறது. பக்கத்து ஸ்டாலில் வைக்கிறார்களே என்பதற்காக நாமும் வைக்க வேண்டியதில்லை. ஏதாவது கொடுக்கத் தோன்றினால், டெமோவுக்கு நாள் குறித்த எல்லோருக்கும் ஒரே மாதிரி ஒரு சின்னப் பொருள் கொடுங்கள், அதையும் டெமோ நடக்கிற அன்று அவர் வீட்டில் வைத்துக் கொடுங்கள்.

சரி, ஸ்டாலில் பொருளே விற்கக் கூடாதா என்றால், கேட்டால் விற்றுக்கொள்ளுங்கள், வாடகைக்கு ஆகும். ஆனால் நாம் அங்கே போவது அதற்காக இல்லை. நம் தொழில் எப்படி வந்தது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அமெரிக்காவில் டப்பர்வேர் முதலில் கடைகளில்தான் இருந்தது, அங்கே சரியாக ஓடவில்லை. மூடியை அழுத்திக் காற்றை வெளியே விட்டு மூட வேண்டும் என்பதை யாராவது கையில் எடுத்துக் காட்டினால்தானே தெரியும்! பிரவுனி வைஸ் என்ற பெண்மணியும் அவரைப் போன்ற இன்னும் சிலரும் வீடுகளில் பெண்களைக் கூட்டிக் காட்டி, கடைகளைவிட அதிகமாக விற்றார்கள். அதைப் பார்த்துத்தான் 1951இல் அந்த நிறுவனம் கடைகளை விட்டே வெளியே வந்து வீட்டுக் கூட்டங்களுக்கு மாறியது. 1954இல் 'பிசினஸ் வீக்' பத்திரிகையின் அட்டையில் பிரவுனி வைஸின் படம் வந்தது. அந்த அட்டையில் வந்த முதல் பெண் அவர்தான். அந்த முறையில் ஒவ்வொரு வீட்டுக் கூட்டமும் அடுத்த கூட்டத்துக்கு வீடு பிடிக்கிற இடமும்கூட. நமக்கு ஸ்டாலும் அப்படி வீடு பிடிக்கிற இடம்தான். ஸ்டாலில் ஒருவர் நமக்குத் தருவது இரண்டு நிமிடம், அதுவும் ஒரு கையில் பிள்ளை, இன்னொரு கையில் பாப்கார்ன். அவர் வீட்டிலோ நமக்கு ஒரு மணி நேரம் கிடைக்கிறது, கூடவே அவருடைய சிநேகிதிகள் ஆறு பேர்.

நாள் குறிப்பது நமக்குப் புதிதா என்ன? கொலுவுக்கு அழைக்க வருகிற மாமி, "நம்பர் குடுங்கோ, அப்புறம் கூப்பிடறேன்" என்று சொல்லிவிட்டுப் போவதில்லை. குங்குமச் சிமிழை நீட்டும்போதே "வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்துடுங்கோ" என்று நாளையும் பொழுதையும் சொல்லிவிட்டுத்தான் படி இறங்குவார். நாமும் மனதில் எழுதிக்கொண்டுவிடுவோம்.

அதனால் பெட்டி இருந்த இடத்தில் ஒரு பெரிய மாதக் காலண்டர் தாளை விரித்து வையுங்கள். போக முடியாத நாட்களை முன்பே அடித்துவிடுங்கள். போகக்கூடிய நாட்களில் நேரத்தையும் எழுதிவிடுங்கள், இங்கேதான் நம் ஊர்க் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். ஞாயிறு சாயங்காலம் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள் என்று ஐந்து மணி போட்டால், நாலரை முதல் ஆறு வரை ராகு காலம், பெரியவர்கள் இருக்கிற வீட்டில் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். சனிக்கிழமை காலை ஒன்பது முதல் பத்தரை ராகு காலம், மதியம் ஒன்றரை முதல் மூன்று எமகண்டம். அதனால் சனி பதினொரு மணி எனக்கு ராசியான நேரம், காலைச் சமையல் முடிந்திருக்கும், மதியச் சாப்பாட்டுக்கு முன் கிளம்பிவிடலாம். அமாவாசையன்று போடாதீர்கள், வெள்ளி மாலை பலர் கோயிலுக்குப் போய்விடுவார்கள். உங்கள் ஜனவரி ஸ்டாலைப் பொறுத்தவரை காணும் பொங்கல் முடிகிற வரை ஒரு தேதியும் வேண்டாம். அதற்கு அடுத்த இரண்டு மூன்று வாரம்தான் உங்களுக்கு, அப்புறம் பரீட்சை என்று வீடுகள் பிள்ளைகளோடு உள்ளே உட்கார்ந்துவிடும். ரொம்பத் தள்ளியும் குறிக்காதீர்கள், மூன்று வாரத்துக்கு அப்பால் எழுதிய தேதி என் அனுபவத்தில் நின்றதே அபூர்வம்.

வெறும் தாளில் முதல் ஆளாக எழுத யாருக்கும் கை வராது. ஸ்டாலுக்கு முந்தின வாரமே உங்கள் பழைய வாடிக்கையாளர்களில் இரண்டு பேரிடம் பேசி நிஜமான இரண்டு டெமோக்களைக் குறித்துக்கொண்டு போங்கள். நிஜமானதாக இருக்க வேண்டும். பொய்ப் பேர் எழுதி வைப்பதைச் சிலர் சொல்லித் தருகிறார்கள், அது வேண்டவே வேண்டாம். ஒரே குடியிருப்பில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும்.

எனக்குக் கூச்ச சுபாவம். நடந்து போகிறவர்களை 'வாங்க மேடம், பாருங்க மேடம்' என்று கூப்பிட வாய் வரவில்லை. கூப்பிட்டாலும் 'சும்மா பாத்துட்டிருக்கோம்' என்று போய்விடுகிறார்கள். என்ன பேசித் தொடங்குவது? – வாசகி, வில்லிவாக்கம்

கூப்பிடவே வேண்டாம். கூவிக் கூப்பிடுவது ரங்கநாதன் தெருவுக்குச் சரி, அங்கே வாங்குவதற்கென்றே வருகிறார்கள். குடியிருப்பு விழாவுக்கு வருகிறவர்கள் பிள்ளைகளின் டான்ஸ் பார்க்க வருகிறார்கள். கூப்பிட்டால் வேகமாக நடப்பார்கள்.

முதலில் மேசைக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்காருவதை விடுங்கள். மேசையைப் பக்கவாட்டில் சுவரை ஒட்டித் தள்ளிவிட்டு நீங்கள் முன்னால் நில்லுங்கள், வருகிறவர் உள்ளே இரண்டு அடி எடுத்து வைக்க இடம் இருக்க வேண்டும். கையில் போன் வேண்டாம். இருக்கிற 40 பொருளையும் அடுக்காதீர்கள், ஐந்தோ ஆறோ போதும், நிறையப் பொருள் இருந்தால் பார்வை எதிலும் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போய்விடும். ஒலிபெருக்கிக்குப் பக்கத்து இடத்தைக் கொடுத்தால் மாற்றிக் கேளுங்கள், கத்திப் பேசி யாரும் நாள் குறித்ததில்லை.

அப்புறம் கையில் ஒரு வேலை வைத்துக்கொள்ளுங்கள். என் மேசையில் கட்டிப் பெருங்காயம் போட்ட டப்பா ஒன்று எப்போதும் இருக்கும். யாராவது ஒரு நொடி நின்றால், "அம்மா, இதுக்குள்ள என்ன இருக்குன்னு மோந்து பாத்து சொல்லுங்களேன்" என்று நீட்டுவேன். மூடியிருக்கிற வரை ஒன்றும் தெரியாது. திறந்ததும் பக்கத்து ஸ்டால்காரர்கூடத் திரும்பிப் பார்ப்பார். அதற்கு மேல் நான் பேச வேண்டியதே இல்லை, "எங்க வீட்ல பெருங்காயத்தை எதுல போட்டாலும்..." என்று அவரே தொடங்கிவிடுவார். பொடி விற்கிறவர்களும் க்ரீம் விற்கிறவர்களும் இதே போல முகர்ந்தோ தொட்டோ பார்க்கிற மாதிரி ஒன்றைக் கண்டுபிடியுங்கள். உங்களைப் போலக் கூச்சம் உள்ளவர்களுக்கு இது பெரிய துணை, ஏனென்றால் பேச்சை அந்த டப்பா தொடங்கி வைக்கிறது.

தொடங்கியதும் கேளுங்கள், குறுக்கே பேசாதீர்கள். 'வேணுமா, வேண்டாமா' என்று பதில் வருகிற கேள்வி கேட்டால் 'வேண்டாம்' என்றுதான் வரும். "ரவை, மைதா எல்லாம் எதுல போட்டு வெக்கிறீங்க?" என்று கேட்டால் வண்டு விழுந்த கதை வரும், கறிவேப்பிலை கறுத்துப்போன கதை வரும், மாவு பொங்கி ஃப்ரிட்ஜ் முழுக்க வழிந்த கதை வரும். கூச்ச சுபாவக்காரர்கள் நன்றாகக் கேட்பார்கள், அதனால் நீங்கள் இந்த வேலைக்குப் பொருந்தாதவர் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள்.

கதை முடிந்ததும், "இதை உங்க கிச்சன்லயே வந்து காட்டட்டுமா? தெரிஞ்சவங்க நாலஞ்சு பேரைக் கூப்பிடுங்க, டிபன் எல்லாம் வேண்டாம், ஒரு மணி நேரம்தான். சனிக்கிழமை பதினொண்ணும் புதன்கிழமை மூணரையும் காலியா இருக்கு, உங்களுக்கு எது வசதி?" என்று கேட்டுவிட்டுப் பேனாவை அவரிடம் நீட்டுங்கள். நாம் எழுதிக்கொண்டால் அது நம் கணக்கு. அவர் கையால் எழுதினால் அவருக்கே ஞாபகம் இருக்கும்.

"வீட்ல கேட்டுட்டு சொல்றேன்" என்பார்கள். அது சாக்காகவே இருக்க வேண்டும் என்றில்லை, மாமியாரையோ கணவரையோ கேட்காமல் நாலு பேரை வீட்டுக்கு அழைக்க முடியாத வீடுகள் நிறைய உண்டு. "சரிம்மா, பென்சில்ல எழுதி வெக்கிறேன். நாளைக்கு சாயங்காலம் ஆறு மணிக்குக் கூப்பிடட்டுமா?" என்று நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். வேண்டாம் என்று முகத்தில் தெரிந்தால் கேட்டலாகைக் கொடுத்து நல்லபடியாக அனுப்பிவிடுங்கள். யாரையும் பிடித்து நிறுத்தாதீர்கள்.

நம்பரோடு அவர் சொன்ன கதையையும் இரண்டு வார்த்தை எழுதிக்கொள்ளுங்கள்: 'ரவையில் வண்டு, மாமியாரைக் கேட்கணும், சனி.' மறுநாள் கூப்பிடும்போது "நேத்து ரவை டப்பா பத்திப் பேசினோமே" என்று தொடங்கினால் 'எந்த ஸ்டால்?' என்ற கேள்வியே வராது.

கம்பெனி பேரைப் பார்த்ததும் 'இது செயின் மார்க்கெட்டிங்தானே' என்று நகர்ந்துவிடுகிறார்கள். என் சீனியரோ டெமோவெல்லாம் எதற்கு, ஸ்டாலில் ஆள் சேர்த்தால்தான் காசு என்கிறார். வாங்கிய நம்பர்களையும் குரூப்பில் போடச் சொல்கிறார். – வாசகி, பெரம்பூர்

நம்பர்களைக் குரூப்பில் போடாதீர்கள். ஒருவர் நம்மை நம்பி, நம் டெமோவுக்காகத் தந்த நம்பர் அது. நேரடி விற்பனைக்கு மத்திய அரசு 2021 டிசம்பரில் கொண்டுவந்த நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் இருக்கின்றன, ஒவ்வொருவரும் ஒரு முறையாவது படித்துவிட வேண்டும். வாடிக்கையாளர் தந்த சொந்த விவரங்களைப் பாதுகாக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. உங்கள் சீனியரிடம் அதையே சொல்லுங்கள், மரியாதையாக, ஆனால் தெளிவாக.

ஆள் சேர்ப்பது பற்றி என் கருத்து கடுமையானது. பொருள் விற்று அதில் வருகிற கமிஷன் தொழில். ஆளைச் சேர்த்ததற்காகவே காசு வருகிறது என்றால் அது பிரமிட் திட்டம், அதை அந்த விதிகள் தடை செய்கின்றன. சேருவதற்குக் கட்டணம் வாங்கவும் கூடாது. சென்னையில் எந்தத் தெருவிலும் இப்படிப் பணத்தைப் போட்டு ஏமாந்த குடும்பம் ஒன்றாவது இருக்கும். அந்த வலியோடு உங்கள் ஸ்டாலைக் கடந்து போகிறவர் நகரத்தான் செய்வார், அவரிடம் கோபப்பட ஒன்றுமில்லை. கேட்டால் நேராகச் சொல்லுங்கள்: "இல்லைம்மா, உங்களைச் சேரச் சொல்லப் போறதில்ல. நான் இந்த கம்பெனி டப்பா விக்கிறேன், வித்தா எனக்கு கமிஷன். இதோ என் கார்டு, விலை இது, பிடிக்கலைன்னா திருப்பித் தர்ற முறை இது." இது என் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை, பேச்சைத் தொடங்கும்போதே நாம் யார், எந்த நிறுவனம், என்ன விலை, திருப்பித் தருவது எப்படி என்று சொல்லிவிட வேண்டும் என்பதும் விதியில் உள்ளதுதான். இரண்டு மூன்று டெமோ வைத்த பிறகு ஒருவர் தானாகவே "நானும் இதைச் செய்யலாமா?" என்று கேட்டால் அப்போது உட்கார்ந்து பேசுங்கள்.

அதே விதிகளில் நமக்குப் பிடித்த ஒன்றும் இருக்கிறது. அடையாள அட்டை இல்லாமலும், முன்கூட்டியே நேரம் வாங்காமலும் யார் வீட்டுக்கும் போகக் கூடாது. நாள் குறிக்காமல் கதவைத் தட்டுவது வியாபாரத்துக்கும் ஆகாது, விதிக்கும் ஆகாது.

ஸ்டாலில் ஐந்து புக்கிங் கிடைத்தது. நாலு கான்சல். எங்கே தப்பு? – வாசகி, அம்பத்தூர்

ஐந்து குறித்ததும் உங்கள் வேலை முடிந்ததாக நினைத்துவிட்டீர்கள். பெரும்பாலும் டெமோ கான்சல் ஆவது வீட்டுக்காரர் யாரையும் அழைக்காமல் விட்டதால்தான். நாள் நெருங்க நெருங்க அவருக்கே சங்கடமாகி, உடம்பு சரியில்லை என்று ஒரு மெசேஜ் போட்டுவிடுவார்.

ஸ்டால் முடிந்த அன்று ராத்திரியே, எவ்வளவு கால் வலித்தாலும், நாளையும் நேரத்தையும் எழுதி நன்றி சொல்லி ஒரு வாட்ஸ்அப் அனுப்புங்கள். மறுநாள் போன் செய்து யார் யாரை அழைக்கப் போகிறார் என்று பேர் பேராகக் கேளுங்கள். எதிர் வீடு, மாடி வீடு, பிள்ளையின் ஸ்கூல் வேன் சிநேகிதி, யோகா வகுப்பு என்று நீங்கள் எடுத்துக்கொடுத்தால் பத்துப் பேர் தேறும், பத்துப் பேரை அழைத்தால் ஐந்தாறு பேர் வருவார்கள். அவர் அப்படியே ஃபார்வர்ட் செய்கிற மாதிரி மூன்று வரி அழைப்பை நீங்களே எழுதிக் கொடுங்கள். என்ன எழுதுவது என்று தெரியாமலே பலர் தள்ளிப்போடுகிறார்கள். முந்தின நாள் ஒரு போன், 'பெருங்காயம் கொண்டு வர்றேன்' என்று. அப்படியும் ஒருவர் தள்ளிவைத்தால், அந்தப் போனிலேயே அடுத்த தேதியைக் கேட்டுவிடுங்கள்.

தீவுத்திடல் பொருட்காட்சி, நந்தம்பாக்கம் வர்த்தக மையம் மாதிரி பெரிய இடத்தில் ஸ்டால் எடுத்தால் புக்கிங் அதிகம் வருமா? – வாசகி, மாதவரம்

தனி ஆளாக எடுக்காதீர்கள். வாடகை ஒரு பக்கம் இருக்கட்டும், அங்கே வருகிறவர்கள் திருவள்ளூரிலிருந்தும் செங்கல்பட்டிலிருந்தும் வருவார்கள். தீவுத்திடலுக்கு ராட்டினமும் டெல்லி அப்பளமும் என்று குடும்பத்தோடு வருகிறவர் நாள் குறித்துக் கொடுத்தாலும், இரண்டு பை நிறைய டப்பாவோடு மாதவரத்திலிருந்து மறைமலைநகர் போய் வர ஒரு நாள் முழுக்க ஆகிவிடும். உங்கள் வீட்டிலிருந்து முக்கால் மணி நேரத்துக்குள் போகக்கூடிய குடியிருப்பு, பள்ளி, கோயில் விழா என்று பாருங்கள். ஒரே குடியிருப்பில் மூன்று டெமோ நடந்தால் நாலாவதுக்கு ஸ்டாலே தேவைப்படாது.

கடைசியாக, ஆதம்பாக்கம் வாசகி, அந்த 140 சீட்டு இன்னும் உங்களிடம்தான் இருக்கும். போனை எடுத்து இரண்டு வார்த்தையாவது நன்றாகப் பேசியவர்களை மட்டும் தனியாக எடுத்து வையுங்கள். ஜனவரி ஸ்டாலுக்கு முன்னால் நிஜமாக இரண்டு தேதி வேண்டும் என்று சொன்னேனே, அதற்கு முதலில் அவர்களைக் கேட்டுப் பாருங்கள். குலுக்கலில் யாருக்குப் பரிசு என்று இன்னும் சொல்லவில்லையென்றால் இன்றைக்கே சொல்லி, கொடுத்தும் விடுங்கள். மீதிச் சீட்டுகளைக் கிழித்துப் போட்டுவிடுங்கள், யாருக்கும் கொடுக்காதீர்கள். ஸ்டால் முடிந்ததும் காலண்டரில் எத்தனை தேதி விழுந்தது என்று எனக்கு எழுதுங்கள்.